தூது ஆர்.என்.ஏ.: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

1. முன்னுரை

அறிவியல் துறைகளுள் மொழித்துறையிடம் மிகுதியாகச் சொற்கடன் பெற்றது மூலக்கூற்று உயிரியல் எனலாம். எழுத்து, குறியீடு, செய்தி, தூது, படியெடுத்தல், மொழிபெயர்ப்பு, முற்றுப்புள்ளி ஆகிய சொற்கள் இன்று உயிரணுவினுள் நிகழும் வேதிவினைகளைக் குறிக்கும் கலைச்சொற்களாக வழங்குகின்றன. உவமைகளாகத் தோன்றிய இச்சொற்கள், உவமை என்பதே மறக்கப்படும் அளவிற்குப் பின்னர் நிலைபெற்றுவிட்டன. இவற்றுள் நடுநாயகமாக நிற்பது 'தூது' என்னும் சொல்.

மொழி ஆய்வாளர்களின் பொருட்டுச் செய்தியைச் சுருங்கக் கூறுவது தேவை. மரபுப் பண்புகளுக்குரிய குறிப்பு, உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூற்றில் நான்கு வகை வேதி அலகுகளின் வரிசையாக அமைந்துள்ளது. உடலின் பெரும்பாலான வேலைகளைச் செய்யும் புரதங்களோ இருபது வகை அமினோ அமிலங்களால் ஆன தொடர்கள். டி.என்.ஏ. உட்கருவை விட்டு வெளியேறுவதில்லை. புரதம் ஆக்கப்படுவது உட்கருவிற்கு வெளியே, ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்பில். இவ்விரண்டிற்கும் இடையே சென்று குறிப்பைச் சேர்ப்பிக்கும் நிலையற்ற படியே தூது ஆர்.என்.ஏ. எனப்படுகிறது.

இப்பெயர் எவ்வாறு தோன்றியது, அத்தூதின் பொருளை அறிவதில் இந்தியர் ஆற்றிய பங்கு யாது, இதனைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் எந்த அளவிற்குப் பொருந்துகின்றன என்னும் மூன்று வினாக்களுக்கு இக்கட்டுரை விடைகாண முயல்கிறது. மூன்றாவது வினா சொல்லாய்வாளருக்கு மட்டும் உரியதன்று. தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசியாகப் பொதுமக்களின் உடலுக்குள் செல்லத் தொடங்கிய பின்னர், அதனை எப்பெயரால் விளக்குவது என்பது பொதுநலம் சார்ந்த வினாவாகவும் ஆகிவிட்டது.

2. பொருளுக்கு முற்பட்ட உவமை

உயிரியலில் எழுத்து உவமை வேரூன்றியதற்கு இயற்பியலாரான எர்வின் ஷ்ரோடிங்கர் ஒரு முதன்மைக் காரணர். 1943இல் டப்ளின் நகரில் ஆற்றி, 1944இல் நூலாக வெளிவந்த சொற்பொழிவுகளில் அவர் மரபுப் பொருளைக் குறியீட்டு எழுத்தால் ஆன ஆவணமாகக் கருதினார். அப்பொருள் டி.என்.ஏ. என்பது அப்போது பொதுவாக ஏற்கப்படாத கருத்து. அவேரி, மெக்லியாடு, மெக்கார்ட்டி ஆகியோரின் ஆய்வு அதனை உணர்த்தியது 1944இல்தான். ஆகவே, எழுதப்பட்ட பொருள் எது என்று துணியப்படும் முன்னரே, அது எழுதப்பட்டது என்னும் கருத்து வழக்கிற்கு வந்துவிட்டது.

1953இல் வாட்சன், கிரிக் ஆகியோர் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவை வெளியிட்டனர். அதன்பின் எழுந்த வினா, நான்கெழுத்து மொழி இருபதெழுத்து மொழியாவது எங்ஙனம் என்பது. உயிரணுவில் ஆர்.என்.ஏ. மிகுந்துள்ள இடங்களில் புரத ஆக்கமும் மிகுந்திருக்கும் என்பது 1940களிலேயே காஸ்பெர்சன், பிராஷே ஆகியோரால் அறியப்பட்டிருந்தது. எனவே ஆர்.என்.ஏ. இடைநின்று செயற்படுகிறது என்பதில் ஐயம் குறைவு. எந்த ஆர்.என்.ஏ. என்பதில்தான் குழப்பம். ஒவ்வொரு ரைபோசோமும் தன்னுள் ஒரு குறிப்பிட்ட புரதத்திற்குரிய நிலையான ஆர்.என்.ஏ.வைக் கொண்டுள்ளது என்றே 1950களின் இறுதிவரை பலரும் எண்ணினர். அதாவது, ரைபோசோம் என்பது ஒரே பாடத்தை உடைய நூல் என்பது அவர்தம் கருத்து.

இக்கருத்தைத் தகர்த்தது பாரிசு பாஸ்டர் நிறுவனத்தில் பார்டீ, ஷகோப், மொனோ ஆகியோர் செய்து 1959இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு நொதியை ஆக்கவியலாத பாக்டீரியாவிற்குள் அந்நொதிக்குரிய மரபணு புகுந்ததும், சில நிமிடங்களிலேயே நொதி முழு வேகத்தில் ஆக்கப்பட்டது. புதிய ரைபோசோம்கள் மெல்லமெல்லத் திரண்டு அதற்குப் பின்னரே நொதி பெருகியிருந்தால் பழைய கருத்து பொருந்தியிருக்கும், அவ்வாறு நிகழவில்லை. விரைவில் தோன்றி விரைவில் அழியும் இடைப்பொருள் ஒன்று இருத்தல் வேண்டும் என ஷகோபும் மொனோவும் கருதினர். முதலில் அதற்கு அவர்கள் பெயரிடவில்லை. 'எக்ஸ்' என்றே குறித்தனர்.

3. 1961ஆம் ஆண்டு: கேம்பிரிட்ஜும் தில்லியும்

1960 ஏப்ரல் 15 அன்று கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னரின் அறையில் கிரிக், ஷகோப் முதலியோர் கூடி உரையாடியபோது, அந்த 'எக்ஸ்' எங்கே காணப்படும் என்பது தெளிவாயிற்று. 1956இல் வோல்கின், அஸ்திராகான் ஆகியோர் நச்சுயிரி தாக்கிய பாக்டீரியாவில் புதுவகை ஆர்.என்.ஏ. ஒன்றைக் கண்டிருந்தனர். அதன் அலகு விகிதம் நச்சுயிரியின் டி.என்.ஏ.வை ஒத்திருந்தது. அப்போது அதன் உட்பொருள் விளங்கவில்லை. அதுவே தேடிய தூது என்பதை நான்கு ஆண்டுகளுக்குப் பின் இவர்கள் உணர்ந்தனர். அவ்வாண்டுக் கோடையில் பிரென்னர், ஷகோப், மெசல்சன் ஆகிய மூவரும் கலிபோர்னியாவில் ஆய்ந்து, நச்சுயிரியின் புதிய ஆர்.என்.ஏ. பாக்டீரியாவின் பழைய ரைபோசோம்களிலேயே சென்று அமர்வதைக் காட்டினர். ரைபோசோம் ஒரு நூலன்று. எந்த ஓலை வரினும் படிக்கும் படிப்போன் என்பது இதனால் உறுதிப்பட்டது. இவ்வாய்வும், ஹார்வர்டில் வாட்சன் குழுவினர் தனித்துச் செய்த ஆய்வும் 1961 மே மாதத்தில் 'நேச்சர்' இதழில் ஒருசேர வெளிவந்தன. அதே ஆண்டில் ஷகோப், மொனோ ஆகியோர் எழுதிய விரிவான கட்டுரை 'தூது ஆர்.என்.ஏ.' என்னும் பெயரை நிலைநிறுத்தியது.

இதே 1961ஆம் ஆண்டில் புதுதில்லியில் நிகழ்ந்த ஒன்றும் நம் பொருளுக்கு நெருங்கியது. 1960 ஏப்ரல் 27ஆம் நாளிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின்படி, அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 அக்டோபர் முதல் நாள் அங்கு நிறுவப்பட்டது. தில்லிப் பல்கலைக்கழக இயற்பியலறிஞர் தௌலத் சிங் கோத்தாரி அதன் முதல் தலைவரானார். அனைத்துலக வழக்கில் உள்ள அலகுப் பெயர்கள், தனிமப் பெயர்கள், உயிரினங்களின் இருபெயர்கள் போன்றவற்றை ஒலிபெயர்த்து ஏற்றல், கருத்தைச் சுட்டும் சொற்களை மொழிபெயர்த்தல், இந்திய மொழிகள் பலவற்றிற்கும் பொதுவான சொற்களை இயன்றவரை மேற்கொள்ளல் என்பன அதன் நெறிகளுள் தலையாயவை.

இந்நெறிகளைத் தூது ஆர்.என்.ஏ.வின் மேல் வைத்து நோக்கின், ஒரே தொடரின் இரு பகுதிகளுக்கும் இருவேறு நெறிகள் பொருந்தக் காணலாம். ஆர்.என்.ஏ. என்பது பொருட்பெயரின் சுருக்கம். அது ஒலிபெயர்ப்பிற்கு உரியது. தூது என்பது கருத்துச் சுட்டும் அடைமொழி. அது மொழிபெயர்ப்பிற்கு உரியது. இரண்டையும் ஒன்றாக்கி 'எம்.ஆர்.என்.ஏ.' என எழுதும்போது, மொழிபெயர்க்கத்தக்க கருத்துப் பகுதியும் ஒரு தனியெழுத்தாகச் சுருங்கி மறைந்துவிடுகிறது. இதன் விளைவு பின்னர்க் கூறப்படும்.

4. கொரானா: எழுதிக் காட்டிய விடை

தூது உண்டு என்பது தெளிந்தபின், அதன் மொழியை அறிதல் வேண்டியதாயிற்று. இப்பணியின் வரலாற்றில் முதன்மையான இடம் பெறுபவர் ஹர் கோவிந்த் கொரானா. அவர் இன்று பாகிஸ்தானில் உள்ள இராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். தந்தையார் அவ்வூரின் பட்வாரி, அதாவது நிலவரிக் கணக்கர். ஏறத்தாழ நூறு பேர் வாழ்ந்த அவ்வூரில் எழுதப் படிக்கத் தெரிந்த குடும்பம் பெரும்பாலும் தம்முடையது ஒன்றே எனக் கொரானா குறித்துள்ளார். லாகூரில் பயின்று, 1945இல் இந்திய அரசின் உதவித்தொகையுடன் லிவர்பூல் சென்று முனைவர் பட்டம் பெற்றார். அதன்பின் சூரிக் நகரில் பிரெலாக் என்னும் வேதியியலாரிடம் 1948-49இல் பணியாற்றினார். அங்கு ஜெர்மன் மொழியில் அமைந்த பழைய வேதியியல் ஆய்வுகளைப் படித்தபோது கார்போடைஇமைடு என்னும் சேர்மவகையை அறிந்தார். மூலக்கூறுகளை இணைப்பதில் அது பின்னாளில் அவருடைய முதன்மைக் கருவியாயிற்று. பிறமொழிப் பயிற்சி ஆய்வின் போக்கையே வகுத்தமைக்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையால் கொரானாவின் குடும்பத்தினர் அகதிகளாகத் தில்லிக்கு வந்திருந்தனர். 1949இல் நாடு திரும்பிய கொரானா தகுந்த பணி தேடினார், கிடைக்கவில்லை. 1950இல் கேம்பிரிட்ஜுக்கும், 1952இல் கனடாவின் வான்கூவருக்கும், 1960இல் அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கும் அவர் பெயர்ந்தார். புதிதாக விடுதலை பெற்று, பிரிவினையின் சுமையைத் தாங்கி நின்ற தலைநகரில் ஓர் இளம் வேதியியலாருக்கு இடமின்றிப் போனமைக்குக் காரணங்கள் உண்டு. எனினும் அவ்விழப்பு சிறிதன்று.

தூதின் மொழியில் முதற்சொல்லைப் படித்தவர்கள் நிரன்பெர்க்கும் மத்தேயியும் ஆவர். 1961 மே மாதத்தில் அவர்கள் யுரேசில் என்னும் ஓரலகே தொடர்ந்துவரும் செயற்கை ஆர்.என்.ஏ.வை உயிரணுச் சாற்றில் இட்டனர். பீனைலலனின் என்னும் ஒரே அமினோ அமிலத்தால் ஆன தொடர் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மாஸ்கோ மாநாட்டில் நிரன்பெர்க் இதனை அறிவித்தார். ஆயினும் ஓரெழுத்தே திரும்பத் திரும்ப வரும் பாடத்தைக் கொண்டு ஒரு மொழியை முழுதும் அறிதல் இயலாது. எழுத்து வரிசை திட்டமாக அறியப்பட்ட பல்வேறு பாடங்கள் தேவைப்பட்டன. அத்தகைய பாடங்களை எழுதித் தந்தவர் கொரானா.

அவர்தம் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். க, ப என்னும் ஈரெழுத்து மாறிமாறி 'கபகபகபகப' என வருவதாகக் கொள்வோம். இவ்விரண்டு எழுத்தாகப் பிரித்துப் படிப்பின் 'கப' என்னும் ஒரே சொல்தான் மீளமீள வரும். மும்மூன்று எழுத்தாகப் பிரிப்பின் 'கபக', 'பகப' என்னும் இரு சொற்கள் மாறிமாறி வரும். கொரானா யுரேசில், சைட்டோசின் ஆகிய ஈரலகுகள் மாறிமாறி வரும் ஆர்.என்.ஏ.வை ஆக்கினார். அதிலிருந்து கிடைத்த புரதத் தொடரில் செரின், லூசின் என்னும் இரு அமினோ அமிலங்கள் மாறிமாறி வந்தன. சொல் மூன்றெழுத்தால் ஆனது என்பதற்கு இது நேரடிச் சான்றாயிற்று. கிரிக், பிரென்னர் முதலியோர் 1961 இறுதியில் பாக்டீரிய நச்சுயிரியின் மரபுமாற்றங்களைக் கொண்டு உய்த்துணர்ந்ததை வேதியியல் இவ்வாறு கண்முன் காட்டியது.

அடுத்து, யுரேசில், யுரேசில், சைட்டோசின் என்னும் மூன்றலகு வரிசை மீளமீள வரும் தொடரை ஆக்கினார். இதில் மூவகைப் புரதத் தொடர்கள் கிடைத்தன: பீனைலலனின் மட்டும் கொண்டது ஒன்று, செரின் மட்டும் கொண்டது ஒன்று, லூசின் மட்டும் கொண்டது ஒன்று. எந்த எழுத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறோமோ அதற்கேற்பச் சொல் மாறுகிறது என்பதே இதன் பொருள். சொற்களுக்கிடையே இடம் விடாமல் எழுதப்பட்ட ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று. 'செம்பொன்பதின்றொடி' என்பதனைச் செம்பொன் பதின்தொடி என்றும் செம்பு ஒன்பதின்தொடி என்றும் பிரிக்கலாம் என இலக்கண உரையாசிரியர்கள் காட்டியதும் இத்தன்மையதே. வேறுபாடு யாதெனின், சுவடியைப் படிப்போன் பொருளை நோக்கிப் பிரிக்கிறான். ரைபோசோம் தொடக்கக் குறியைக் கண்டு, பின் மும்மூன்றாக எண்ணிச் செல்கிறது.

இம்முறையில் மேலும் ஒரு சிறப்பு உண்டு. கொரானா முதலில் சிறு டி.என்.ஏ. துண்டுகளை வேதிமுறையில் ஆக்கினார். நொதியைக் கொண்டு அவற்றை நீட்டினார். வேறொரு நொதியைக் கொண்டு அவற்றினின்று ஆர்.என்.ஏ.வைப் படியெடுத்தார், அதனை உயிரணுச் சாற்றில் புரதமாகப் பெயர்த்தார். மூலம், படி, மொழிபெயர்ப்பு ஆகிய மூன்றும் ஆய்வுக் குழாயில் அவர் எழுதிய எழுத்தாகவே அமைந்தன. நிரன்பெர்க், லேடர் ஆகியோர் 1964இல் வகுத்த மற்றொரு முறைக்கு வேண்டிய அறுபத்து நான்கு மூவெழுத்துச் சொற்களையும் கொரானா குழுவினர் ஆக்கினர். 1966 அளவில் அகராதி நிறைவுற்றது. அறுபத்து நான்கனுள் அறுபத்தொன்று அமினோ அமிலங்களைக் குறிப்பன. மூன்று முற்றுக் குறிகள். 1968ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கொரானா, நிரன்பெர்க், ஹாலி ஆகிய மூவர்க்கும் வழங்கப்பட்டது.

5. முற்றும் படிப்போனும்

முற்றுக் குறிகளை உணர்வதில் மற்றோர் இந்தியருக்கும் பங்குண்டு. தில்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் இளமையில் சிறிது காலம் பணியாற்றி, பின்னர்க் கிளாஸ்கோ சென்று பயின்றவர் ஒபைத் சித்திக்கி. அமெரிக்காவில் ஆலன் கேரன் என்பாருடன் இணைந்து அவர் செய்து 1962இல் வெளியிட்ட ஆய்வு, புரதத் தொடரை இடையிலேயே நிறுத்திவிடும் மரபுமாற்றங்களையும் அவற்றின் விளைவை அடக்கும் மாற்றங்களையும் காட்டியது. தூதின் மொழியில் பொருளற்ற சொல் எனக் கருதப்பட்டது உண்மையில் நிறுத்தக்குறி என்பது இத்தகைய ஆய்வுகளால் விளங்கிற்று. சித்திக்கி பின்னர்ப் பம்பாயில் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தில் மூலக்கூற்று உயிரியல் பிரிவைத் தோற்றுவித்தார்.

படிப்போனாகிய ரைபோசோமின் வடிவை அணு அளவில் கண்டவர்களுள் ஒருவர் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். 2000ஆம் ஆண்டில் ரைபோசோமின் சிறு கூற்றின் வடிவை அவர் குழுவினர் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில், தூதின் மூவெழுத்துச் சொல்லும் அதற்குரிய அமினோ அமிலத்தைக் கொணரும் கடத்து ஆர்.என்.ஏ.வும் பொருந்துகின்றனவா என்பதை ரைபோசோம் எங்ஙனம் சோதிக்கிறது என்பதைக் காட்டினர். சொல்லின் முதலிரண்டு எழுத்துகளின் பொருத்தத்தை ரைபோசோம் நெருக்கமாக அளந்து பார்க்கிறது. மூன்றாம் எழுத்தில் ஓரளவு நெகிழ்ச்சி காட்டுகிறது. இந்நெகிழ்ச்சியைக் கிரிக் 1966இலேயே கருதுகோளாகக் கூறியிருந்தார். ஒரே அமினோ அமிலத்திற்குப் பல சொற்கள் அமைந்து, அவை பெரும்பாலும் ஈற்றெழுத்தில் மட்டும் வேறுபடுவதன் காரணம் இதனால் தெளிவாகிறது. 2009இல் ஸ்டைட்ஸ், யோனத் ஆகியோருடன் அவர் வேதியியல் நோபல் பரிசு பெற்றார்.

6. உவமையின் எல்லை

மரபுக் குறியீடு மொழியியலாரின் கருத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை. ரோமன் யாக்கோப்சன் இதில் பெரிதும் ஈடுபட்டார். தமக்கெனப் பொருளற்ற சில அலகுகள் கூடிப் பொருளுள்ள அலகுகளாவதும், அவை மீண்டும் கூடிப் பெருந்தொடர்களாவதும் மொழிக்கும் மரபுக் குறியீட்டிற்கும் பொது என அவர் கருதினார். ஒலியன், உருபன், தொடர் என்னும் படிநிலையை அவர் அங்கும் கண்டார். யாக்கோப்சன், ஷகோப், மானிடவியலறிஞர் லெவி ஸ்ட்ராஸ் ஆகியோர் கலந்துகொண்ட உரையாடல் ஒன்று 1968இல் பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. எனினும் ஷகோப் 1974இல் எழுதிய கட்டுரையில் இவ்வொப்புமையை எச்சரிக்கையுடனேயே ஆராய்ந்தார்.

அவ்வெச்சரிக்கை ஏற்கத்தக்கது. உயிரணுவில் கூறுவோன் இல்லை, கேட்போனும் இல்லை. கருத்து என ஒன்று முன்னர்த் தோன்றி எழுத்தில் பொதியப்படுவதும் இல்லை. வேதிப் பொருத்தமே அங்குப் 'பொருள்'. மேலும், 1977இல் ராபர்ட்ஸ், ஷார்ப் ஆகியோர் தனித்தனியே கண்டவாறு, மேனிலை உயிர்களில் படியெடுக்கப்பட்ட ஆர்.என்.ஏ. அவ்வாறே தூதாவதில்லை. இடையிடையே உள்ள பகுதிகள் நீக்கப்பட்டு எஞ்சியவை இணைக்கப்படுகின்றன. ஒரே மூலத்தை வெவ்வேறு வகையில் இணைத்து வெவ்வேறு புரதங்களைப் பெறுவதும் உண்டு. மூலத்திற்கு முற்றிலும் உண்மையாயிருத்தல் என்னும் தூதிலக்கணம் இங்கு நெகிழ்கிறது.

உவமை துல்லியமன்று என்பதால் அதனைக் கைவிட வேண்டும் என்பது இதன் கருத்தன்று. கலைச்சொல் ஆக்குவோர் உவமையின் எந்தக் கூறு மெய், எந்தக் கூறு அணி என்பதை அறிந்து சொல்லைத் தெரிதல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும்.

7. தமிழ்ச் சொற்களின் பொருத்தம்

தமிழில் அறிவியற் சொல்லாக்கம் நெடிய வரலாறுடையது. யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டில் மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். 1916இல் சேலத்தில் இராஜகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் அமைத்தனர். பத்துத் தொகுதிகளையுடைய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. இரட்டைச் சுருள் வெளியானதற்கு அடுத்த ஆண்டு தொடங்கிக் கொரானா பரிசு பெற்ற ஆண்டில் அது நிறைவுற்றமை கருதத்தக்கது. மூலக்கூற்று உயிரியல் உருப்பெற்ற காலமும் தமிழ் அறிவியல் நடை உருப்பெற்ற காலமும் ஏறத்தாழ ஒன்றே.

பாடநூல்கள் வாயிலாகத் தமிழில் நிலைபெற்ற சொற்களுள் 'தூது ஆர்.என்.ஏ.' மிகப் பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. இதனோடு 'செய்தி ஆர்.என்.ஏ.', 'தூதுவர் ஆர்.என்.ஏ.' என்பனவும் ஆங்காங்கே வழங்குகின்றன. ஆங்கிலச் சொல் செய்தி கொண்டுசெல்வோனை மட்டுமே சுட்டும். ஆனால் இம்மூலக்கூறு செய்தியை ஏந்திச் செல்லும் வேறொரு பொருளன்று, தானே செய்தி. ஆகவே தூதுவர் என்பது ஒருபுறமும் செய்தி என்பது மறுபுறமும் குறைபடுகின்றன. தமிழில் 'தூது' என்னும் சொல் தூது செல்வோனையும் தூதுச் செய்தியையும் தூது செல்லும் தொழிலையும் ஒருங்கே குறிக்கும். மூலச் சொல்லில் இல்லாத துல்லியம் பெயர்ப்பில் கிடைத்திருப்பதற்கு இஃது ஓர் அரிய சான்று.

தூதர் வகையைப் பற்றிய பழைய பகுப்பும் இங்குத் துணைசெய்யும். தானே வகுத்துக் கூறுவோன், கூறியதைக் கூறுவோன் எனத் தூதரைப் பகுப்பது திருக்குறளின் தூது அதிகாரத்திற்குரிய உரைமரபு. ஓலையைக் காட்டி நிற்போனைக் கடைநிலைத் தூதனாக வைத்தலும் உண்டு. உயிரணுவின் தூது இக்கடைநிலையைச் சார்ந்தது. அது சிந்திப்பதில்லை, சேர்ப்பதில்லை. தன்னையே ஓலையாகக் காட்டி நிற்கிறது. பணி முடிந்ததும் அழிகிறது. அரசியலில் கடையாயது உயிரியலில் தலையாயது. மேலும், தூது என்பது வடமொழியோடும் இந்தியோடும் பொதுவான சொல். குறள் முதலாகத் தமிழில் வேரூன்றிய சொல்லும் ஆகும். தில்லி ஆணையத்தின் பொதுமை நெறிக்கும் தமிழ் வழக்கு நெறிக்கும் ஒருங்கே இயைந்த சொற்கள் மிகச் சிலவே.

'படியெடுத்தல்' என்பதும் நன்கமைந்த சொல். கல்வெட்டுத் துறையினர் கல்லின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பர். அப்படியில் பள்ளமான எழுத்து வெண்மையாகவும் சுற்றியுள்ள தளம் கருமையாகவும் அமையும். டி.என்.ஏ.வினின்று பெறும் ஆர்.என்.ஏ.வும் அலகுக்கு அலகு ஈடான எதிர்ப்படியே. கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தாள் ஊர்விட்டு ஊர் செல்கிறது. 'மொழிபெயர்ப்பு' என்பதைப் பொறுத்தவரை, அதனை வழிநூல் வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பிய மரபியல் கூறும். நான்கலகு மொழியினின்று இருபதலகு மொழிக்குச் செல்லும் வினைக்கு இது பொருந்தும். படி என்பது ஒரே மொழிக்குள் நிகழ்வது; பெயர்ப்பு என்பது மொழி மாறுவது. இவ்வேறுபாட்டைத் தமிழ்ச் சொற்களே காட்டுகின்றன. ஆதலின் பாடநூலாசிரியர்கள் இவ்விரண்டையும் ஒன்றற்கொன்று மாற்றி வழங்காதிருத்தல் நன்று.

8. மருந்தாகிய தூது

தூதை வெளியே எழுதி உயிரணுவிற்குள் அனுப்பினால் அது வேண்டிய புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்னும் எண்ணம் பழையது. 1990இல் உல்ஃப் முதலியோர் எலியின் தசையில் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தி அதற்குரிய புரதம் உண்டாவதைக் காட்டினர். ஆனால் இருபெருந் தடைகள் இருந்தன. முதலாவது, செயற்கைத் தூதை உடல் அயற்பொருளாக உணர்ந்து அழற்சியை உண்டாக்கியது. கட்டலின் கரிகோ, ட்ரூ வைஸ்மன் ஆகியோர் யுரிடினுக்கு மாற்றாக அதன் திரிபாகிய சூடோயுரிடினை இட்டால் அவ்வெதிர்ப்பு குறைவதை 2005இல் வெளியிட்டனர். எழுத்தின் வடிவில் சிறு திரிபு. அது சுட்டும் பொருளில் மாற்றம் இல்லை. இரண்டாவது, தூது எளிதில் சிதைவது. இதற்குக் கொழுப்புத் துகள்களால் ஆன உறை தீர்வாயிற்று. 2020 டிசம்பரில் பிரித்தானியாவில் தொடங்கிப் பல நாடுகளில் கொரோனாத் தொற்றுக்கெதிராக இவ்வகைத் தடுப்பூசி பயன்பாட்டிற்கு வந்தது. கரிகோ, வைஸ்மன் இருவரும் 2023இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்தியாவில் பெருமளவு செலுத்தப்பட்ட கோவிஷீல்டு, கோவேக்சின் ஆகிய இரண்டும் இவ்வகையைச் சார்ந்தவையல்ல. புனேயிலுள்ள ஜெனோவா நிறுவனம் தில்லியில் இயங்கும் நடுவணரசின் உயிரித்தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் உருவாக்கிய ஜெம்கோவேக்-19 என்னும் தடுப்பூசிக்கு 2022 ஜூன் மாதத்தில் அவசரகால ஒப்புதல் கிடைத்தது. இந்நாட்டில் உருவான முதல் தூது ஆர்.என்.ஏ. தடுப்பூசி அதுவே. உறைநிலைக்கு மிகக் கீழான குளிரை வேண்டாது, 2 முதல் 8 பாகை செல்சியசில் அதனை வைத்திருக்க இயலும் என்பது வெப்பநாடாகிய இந்தியாவிற்கு ஏற்ற சிறப்பு.

இத்தடுப்பூசி மரபணுவையே மாற்றிவிடும் என்னும் அச்சம் உலகெங்கும் பரவியது. தமிழ் பேசுவோரிடையேயும் அது கேட்கப்பட்டது. இவ்வச்சத்திற்குப் பல காரணங்கள் உண்டு. பெயரின் இருண்மை அவற்றுள் ஒன்று எனக் கருத இடமுண்டு. எம்.ஆர்.என்.ஏ. என்னும் எழுத்துக்கோவை கேட்போர்க்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. டி.என்.ஏ. என்பதனோடு ஒலியால் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே என மயங்கவும் வைக்கிறது. 'தூது' எனின், ஓலை கருவூலத்தினுள் புகாது, வாயிலுக்கு வெளியே படிக்கப்பட்டு அழிந்துபோகும் என்பதைக் கல்லாதவர்க்கும் எடுத்துரைக்கலாம். ஆர்.என்.ஏ.வினின்று டி.என்.ஏ.வை ஆக்கும் நொதி உண்டு என்பதை டெமின், பால்டிமோர் ஆகியோர் 1970இல் சில நச்சுயிரிகளில் கண்டனர் என்பது மெய்யே. ஆனால் தடுப்பூசியில் அந்நொதி இல்லை. அதன் தூது உட்கருவினுள் செல்வதும் இல்லை. இவ்விளக்கமும் தமிழில் 'படி', 'மூலம்' என்னும் சொற்களைக் கொண்டு தெளிவாகக் கூறத்தக்கதே.

9. முடிவுரை

தூது ஆர்.என்.ஏ.வின் வரலாறு, பொருளும் சொல்லும் ஒன்றையொன்று தேடிய வரலாறாகும். எழுத்து என்னும் உவமை முன்னே வந்தது. எழுதப்பட்ட பொருள் பின்னர்க் கிடைத்தது. தூது என்னும் பெயர் 'எக்ஸ்' என்னும் வெற்றிடத்தை நிரப்பியது. அத்தூதின் அகராதியை, அதன் மொழியில் தாமே எழுதிக் காட்டி நிறைவு செய்தவர்களுள் ஒருவர், தில்லியில் ஒரு காலத்தில் பணி தேடிக் கிடைக்காது சென்ற வேதியியலார்.

இவ்வரலாற்றினின்று கலைச்சொல் ஆக்கத்திற்குக் கிடைக்கும் படிப்பினை தெளிவானது. சுருக்கெழுத்தைச் சுருக்கெழுத்தாகவே ஏற்பது எளிது. பொருட்பெயர்களுக்கு அது முறையும் ஆகும். ஆனால் கருத்தை ஏந்தும் அடைமொழி அச்சுருக்கத்துள் மறைந்துவிடின், அக்கருத்து வல்லுநர்க்கு மட்டுமே உரியதாகிவிடும். பொதுமக்கள் அதனை வினவும் நாள் வரும்போது விடை கூறச் சொல் இராது. நம்மிடம் சொல் இருந்தது, பாடநூலிலும் இருந்தது. அதனை வகுப்பறையிலிருந்து மருத்துவமனைக்கும் செய்தித்தாளுக்கும் கொண்டு சேர்ப்பதே எஞ்சிய பணி. நடுவண் நிறுவனங்களும் மாநிலப் பாடநூல் அமைப்புகளும் ஊடகத்தாரும் ஒரே சொல்லை ஒருமித்து வழங்குவராயின் அப்பணி அரிதன்று.